சௌந்தரம் வீட்டுக் கதவு

மந்தைவெளி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய எழுத்தாளர் ராகவேந்திரன் ஐயா அவர்களுக்கு, மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் வைரவனின் மனைவி தேவானை வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் இங்கு நலம் என்று ஆரம்பிக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் தவறிப்போய் மூன்று மாதம் ஆகிறது, அதனால் என் பக்கத்து நலத்தை எழுதாமல் விடுகிறேன். உங்கள் பக்கம் எல்லாரும் நன்றாக இருங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். கால், கொம்பு எங்காவது விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பழக்கம் இருக்கும்.

நீங்கள் எழுதிய பச்சை அட்டை நாவல் விஷயமாகத்தான் எழுதுகிறேன். எங்கள் தெரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி விஜயலக்ஷ்மி மாமி துணியோடு புத்தகமும் கொடுத்து அனுப்புவார்கள். துணி எனக்கு, புத்தகம் என் வீட்டுக்காரருக்கு. காலையில் அவர் தேய்ப்பார். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் தேய்ப்பேன், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். உங்கள் கதையில் கோதண்டம் என்கிறவன் மின்விசிறி ரிப்பேருக்கு ஆள் கூட்டிவருகிறேன் என்று கிளம்பிப் போய் ஆறு வருஷம் வரவே இல்லை. பெண்டாட்டி சௌந்தரம் தனியாகக் கிடக்கிறாள். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிளம்பும்போது அவன் கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திச் சட்டை போட்டிருந்தான் என்று எழுதினீர்கள், சரி. சாயங்காலம் திருச்சியில் பஸ்ஸை விட்டு மடிப்புக் கலையாத சட்டையோடு இறங்கினான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, ஏழு மணி நேரம் பஸ்ஸில் சாய்ந்துகொண்டு போனவன் சட்டை எப்படி ஐயா கலையாமல் இருக்கும், நடுவில் யார் தேய்த்துக் கொடுத்தது? நான் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு அவரிடம் சண்டைக்கு நின்றேன். எல்லாரும் கதையில் மனுஷனைப் பார்க்கிறார்கள், நீ அவன் காலரைப் பார்க்கிறாய் என்று சிரித்தார்.

இருபது பக்கம் மிச்சம் இருந்தபோது ஒரு சட்டையின் காலர் அட்டையை அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடினார். அவன் வருவான் என்றார். எனக்கு அன்றைக்கு வெயில், முதுகு வலி, பெட்டிச் சூடு எல்லாம் சேர்ந்து எரிச்சலாக இருந்தது.

"போனவன் இன்னாத்துக்கு வரான்? வந்தாலும், நானா இருந்தா கதவத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

"நீ தொறப்ப தேவான. பந்தயம்" என்றார்.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கு வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அன்று காலை பேசியது பெட்டிக்குக் கரி வந்துச்சா, வந்துச்சு, அவ்வளவுதான். அதனால் ஒழுங்காக நாங்கள் கடைசியாகப் பேசிய பேச்சு என்று பார்த்தால், நான் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதுதான். இது என்னை விடவே இல்லை ஐயா. கருமாதி முடிந்து வண்டிக்கு வந்த முதல் நாளே மிச்சம் இருபது பக்கத்தை வண்டியில் மாட்டிய அவர் போட்டோவுக்குப் படித்துக் காட்டுவது என்று எடுத்துக்கொண்டேன். விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பவள், ஒரு நாளைக்கு அரைப் பக்கம் நகர்ந்தால் பெரிசு. சௌந்தரம் அவன் செருப்பை எடுத்துத் துடைத்து வைக்கிற இடத்தில் பெட்டியை மறந்துவிட்டேன், ராமானுஜம் சாரின் சட்டை முதுகில் பெட்டி வடிவத்திலேயே ஓட்டை விழுந்தது. சார் ரொம்பப் பெரிய மனுஷர், மேலே கோட்டு போட்டுக்கொள்கிறேன் விடும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். சித்திரை மாசத்தில் கோட்டு.

இதற்கு நடுவில் சோறு வேறு மீந்து மீந்து போகிறது. அரிசிக்கடையில் போய், இன்னா அரிசி குடுக்கிற, பொங்கிப் பொங்கிப் பானை கொள்ளல என்று கேட்டேன். வருஷக்கணக்காக நீ வாங்குற அதே அரிசிதாம்மா என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார், நான் நம்பவில்லை. மீந்ததையெல்லாம் வண்டிக்கு அடியில் படுக்கிற நாய்க்குப் போட்டு, இப்போது அது வண்டிக்கு அடியில் நுழைய முடியாமல் வெளியே படுக்கிறது.

எப்படியோ கடைசிப் பக்கம் வந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை. சௌந்தரம் இரண்டு ஆழாக்கு அரிசி எடுத்துக் களைகிறாள். வாசலில் கதவு தட்டுகிற மாதிரி சத்தம். ஈரக்கையோடு எழுந்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அச்சகத்தின் விலாசம் இருக்கிறது. ஐயா, இருபது பக்கத்துக்கு நாற்பது நாள் பாடுபட்டவளுக்கு இதுவா முடிவு? பக்கத்தில் தையல் மெஷின் போட்டிருக்கும் அஃப்சருன்னிசாவிடம் கதை முழுக்கச் சொல்லி, வந்தது அவன்தானா, இவள் திறந்தாளா என்று கேட்டேன். அது பிளவுஸில் ஊக்கு வைத்துக்கொண்டே, "ஆறு வருஷமா ஒரு பெருநாளுக்குக்கூட வராதவன் செவ்வாக்கெழம வந்து நிக்கிறானா, தொறக்காத" என்று என்னவோ என் வீட்டு வாசலில் அவன் நிற்கிற மாதிரி சொன்னது.

போன சனிக்கிழமை துணி கொடுக்க மாமி வீட்டுக்குப் போனேன். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் கையில் அதே பச்சை அட்டைப் புத்தகத்தோடு வட்டமாக உட்கார்ந்து சௌந்தரம், சௌந்தரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் அக்காளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. வாசலிலேயே நின்றேன். மாமி பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். மாமிக்குக் கதவெல்லாம் பெரிய விஷயம் இல்லை, கோதண்டத்தின் அப்பாவுக்கு ஆறு வருஷமாகத் திவசம் யார் பண்ணினார்கள் என்பதுதான் கவலை, அதற்கே அவனை வாசலில் நிறுத்திவைக்க வேண்டும் என்றார்கள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தாரணியம்மா, சௌந்தரத்துக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்கூடவா இல்லை, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றால் ரெண்டாம் நாளே வேன் பிடித்துத் தேடியிருப்பார்கள், இந்த எழுத்தாளர் குடும்பத்தில் பிறந்தவர்தானா என்று கேட்டார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாலவாக்கத்திலிருந்து வந்திருந்த ஷ்ரேயா என்கிற சின்னப் பெண் கடைசியில், "ஆன்ட்டி, வாசல்ல யாருமே இல்ல. அது அவ மனசு" என்று சொன்னாள். சொன்ன பிறகு என் நெற்றியைப் பார்த்துவிட்டு சாரி, சாரி என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண் வீட்டு வாசலில் கேமரா இருக்கிறதாம், யார் வந்தாலும் போனிலேயே பார்த்துவிடுகிறாள், அவளுக்குக் கதவு தட்டுகிற சத்தம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நானே வாயைத் திறந்தேன். தனியாக இருக்கிற பொம்பளைக்கு எதற்கு இரண்டு ஆழாக்கு? ஒரு ஆளுக்கு ஒரு ஆழாக்கு. அவன் வருகிறான் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும், அதனால்தான் இரண்டு போட்டாள், போட்டவள் கதவைத் திறக்காமல் இருப்பாளா என்று கேட்டேன். எல்லாரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒருத்தரும் அந்த அரிசியைப் பார்த்திருக்கவில்லை. மாமி என்னைப் பார்த்து, "நன்னாச் சொன்னேடி தேவானை" என்றார்கள். அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "சௌந்தரம் கதவைத் திறந்தாள்" என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வரும் அமாவாசைக்கு அவருக்குப் படையல் போடுகிறேன். வடை, பாயசம், அவர் குடிக்கிற காப்பி எல்லாம் வைப்பேன். இலை ஓரத்தில் உங்கள் கடிதத்தையும் வைத்து, நீ சொன்னதுதான் சரி, நான் வெயிலில் ஏதோ உளறினேன் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் எழுதினால்தான் செல்லும். நானாகச் சொன்னால், சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார்.

உங்கள் எழுதுகிற கைக்கு ஒரு நோவும் வராமல் இருக்கட்டும். வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. மந்தைவெளிப் பக்கம் வந்தால் உங்கள் சட்டையைக் கொடுங்கள், மடிப்பு எத்தனை நேரம் நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
வை. தேவானை

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். ஆழாக்கை அரிசிப் பானையில் விட்டு எடுத்துச் சட்டியில் போட்டேன், திரும்ப விட்டு எடுத்தேன். கை அந்தரத்தில் நின்றுவிட்டது ஐயா. இரண்டு. இன்றைக்கு மட்டும் இல்லை, தினமும் இரண்டுதான் போட்டிருக்கிறேன். அரிசிக்கடைக்காரர் மேல் தப்பே இல்லை, நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பாலவாக்கத்துப் பெண் சொன்னதுதான் சரி, வாசலில் யாரும் இல்லை. சௌந்தரம் தெரிந்து போடவில்லை, கை போடுகிறது. அதனால் நீங்கள் ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டாம், கதையை அப்படியே விட்டுவிடுங்கள். நானும் கதவைத் திறப்பவள்தான், பந்தயத்தில் அவர் ஜெயித்ததை இந்த ஆழாக்கைக் காட்டி நானே சொல்லிக்கொள்கிறேன், நம்புவார். உங்கள் வீட்டு அடுப்படியில் யார் இப்படி இரண்டு போட்டதைப் பார்த்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சட்டையை மட்டும் திருத்திவிடுங்கள்.