கம்கட்டு டாக்டரும் வெளிநாட்டு வாத்துகளும்

கம்கட்டு டாக்டரைப் போலக் கோபப்படுவதற்கு கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இன்னொருவர் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் தேய்ப்பார். அந்தக் கோபத்தில் கால்வாசி அன்றைக்கு ஊருக்கு வந்திருந்தால் நான் இப்படி வயிறெரிந்து எழுத வேண்டியிருக்காது.

மனிதர் மாட்டு டாக்டர். எழுபதுகளின் தொடக்கம் அது. தொழிற்பேட்டையில் ஷெட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. நான் ஒரு போல்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட். இருவருக்கும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறை. மாடு பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் ஏரிக்கரையில் குனிந்து வாத்து எச்சம் பொறுக்குவார். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் வெளிநாட்டு வாத்துகளின் எச்சம். அதிலிருக்கும் கிருமியை மருந்து கலந்த கறிச்சாற்றில் விட்டுப் பார்ப்பார். சாறு தெளிவாக இருந்தால் கிருமி செத்தது. கலங்கினால் மருந்து தோற்றது. இதுதான் அவருடைய பைத்தியம்.

கிருமி வளர உடம்புச் சூடு வேண்டுமாம். அதற்கென்று சர்க்காரில் கொடுத்திருந்த மின்சாரப் பெட்டி, பழுதுபார்க்கப் போன இடத்திலேயே குடித்தனம் வைத்துவிட்டது. எழுதிக் கேட்டார், திட்டிக் கேட்டார், வரவில்லை. கடைசியில் கண்ணாடிக் குழாய்களைத் துணியில் சுற்றித் தன் அக்குளிலேயே இடுக்கிக்கொண்டார். சாப்பிடுவது, மாட்டுக்கு ஊசி போடுவது, தூங்குவது எல்லாம் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டுதான். கம்கட்டு டாக்டர் என்ற பெயர் ஒரே வாரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்யும் குடும்பம் அவருடையது. ஊருக்குப் போனால், கிணற்றடியில் தலைமுழுகாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஒருமுறை இருவரும் பொன்னேரிக்கு பஸ்ஸில் போனோம். நிற்கத்தான் இடம். டாக்டர் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு, பிரேக் போடும்போதெல்லாம் யார் மீதாவது சாய்ந்தார். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"சார், கம்பியப் புடிச்சிக்கினு நில்லு சார். வுயுந்தினா எனக்குத்தான் பேஜாரு."

"கம்பியைப் பிடிச்சா இது விழும்."

"இன்னாது அது?"

"வாத்துப் பீ," என்றார் டாக்டர், கோயிலில் பிரசாதம் என்று சொல்கிற குரலில்.

அடுத்த நிமிஷம் எங்களைச் சுற்றி மூன்று சீட் காலி. வசதியாக உட்கார்ந்துகொண்டு பொன்னேரி வரைக்கும் ஊர் சுத்தமில்லை என்று திட்டிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு வழக்கம். டீக்கடையிலேயே கேப்ஸ்யூல் கிடைக்கும். சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு இரண்டு, பன் ஒன்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போவார்கள். விரலில் தகடு கிழித்தால் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் காயத்தின் மேல் விபூதி மாதிரி தூவிக்கொள்வார்கள். டாக்டர் கண்ணில் பட்டால் தொலைந்தார்கள். அரைகுறை மருந்தில் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று டீக்கடை வாசலில் நின்று கத்துவார். கேட்பவர்கள் பன்னைத் தின்றபடி தலையாட்டுவார்கள்.

இதில் எல்லோருக்கும் மேல் ஒருவர் இருந்தார், கோழிப்பண்ணை முதலாளி நைனா. அவருடைய பண்ணையில் நோய் இருக்கோ இல்லையோ, கோழி கொழுக்கும் என்று தினமும் தீவனத்தில் மஞ்சள் மருந்துப் பொடி ஒரு சிட்டிகை. பண்ணைக் கழிவெல்லாம் வாய்க்காலில் ஓடி ஏரியில் கலக்கும். தீனி மிதக்கிற அந்த இடத்தில்தான் வாத்துகள் மொய்க்கும்.

"நைனா, நீ கோழிக்கு மருந்து போடலை. கிருமிக்குப் பள்ளிக்கூடம் நடத்தறே," என்று டாக்டர் ஒருநாள் அவர் கேட்டிலேயே நின்று சத்தம் போட்டார்.

அந்த மார்கழியில் கோழிகள் கழிந்து கழிந்து சாக ஆரம்பித்தன. பொடியை அள்ளிக் கொட்டியும் நிற்கவில்லை. நைனாவுக்குக் குற்றவாளி உடனே கிடைத்துவிட்டது. வெளிநாட்டு வாத்துதான் சீக்கைக் கொண்டுவந்தது, ஏரியில் இருக்கிற அத்தனையையும் சுட்டு விரட்ட வேண்டும் என்று மனுக் கொடுத்தார். விசாரிக்கத் தாசில்தார் வந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம்.

டாக்டர் இரண்டு அக்குளிலும் குழாயோடு வந்தார். இரண்டிலும் நைனாவின் அதே மஞ்சள் மருந்து கலந்த சாறு. இடப்பக்கம், அந்த வாரம்தான் வந்து ஏரியின் மறுகோடியில் இறங்கிய வாத்துகளின் எச்சம். வலப்பக்கம், ஐப்பசியிலிருந்து பண்ணை வாய்க்காலில் மேய்கிற வாத்துகளுடையது.

"இன்னா டாக்டரே," என்றார் நைனா. "உன் வாத்து ருஷ்யாவுலேர்ந்து சீக்கைத் தூக்கினு வருது. என் கோயி இன்னா பாவம் பண்ணுச்சு?"

"அது கொண்டுவரலை. நீ குடுத்தே, அது வாங்கிண்டது. பங்குனியிலே திரும்பறச்சே போற ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கப்போறது." டாக்டர் தாசில்தார் பக்கம் திரும்பினார். "நாளைச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்கோ. வலப்பக்கம் மட்டும்தான் கலங்கும். இடப்பக்கமும் கலங்கித்துன்னா, நானே துப்பாக்கி எடுத்துண்டு வரேன்."

தாசில்தாருக்கு நாளைக்கு வேறு ஊரில் வேலை. சுடக் கூடாது என்பவர்கள் இப்போதே கை தூக்கட்டும் என்றார்.

நான் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் கை ஏன் எழும்பவில்லை என்பது ஊருக்கே தெரியும். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. டாக்டர் இடப்பக்கம் குனிந்து பார்த்தார், வலப்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். சிமெண்டுத் தரையில் இரண்டு குழாயும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன.

"ஒரு ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு," என்றார் தாசில்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு.

மறுநாளே ஏரியில் துப்பாக்கி வெடித்தது. மேலே கிளம்பிய வாத்துகள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. கூட்டத்தில் அசிங்கம் செய்ததாக டாக்டருக்குத் தண்டனை மாற்றல். அடுத்த மார்கழியில் ஏரியில் ஒரு வாத்துகூட இல்லை. நைனாவின் கோழிகள் வழக்கம்போலச் செத்தன. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், டாக்டர் சொன்னது சரிதான் என்று வாய் திறக்க வேண்டுமே! நைனா பொடியை இரண்டு சிட்டிகை ஆக்கினார், அவ்வளவுதான். இன்றைக்கு மருந்துக்கு அடங்காத கிருமி என்று பத்திரிகைகள் அலறுகின்றன, பக்கத்தில் பறக்கிற பறவையின் படத்தை வேறு போடுகிறார்கள். படம் போட வேண்டியது எங்கள் ஊர் டீக்கடையையும் நைனாவின் தீவன மூட்டையையும்தான்.

மாற்றலாகிப் போன அன்று ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். வண்டி கிளம்பும்வரை ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தவர், கிளம்பியதும் ஜன்னல் வழியாக எனக்குக் கை வீசினார். அவர் கை வீசி நான் பார்த்ததே இல்லை. அவர் அக்குள் காலியாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போதும் கூட்டமான பஸ்ஸில் யாராவது கம்பியைப் பிடிக்காமல், கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு தடுமாறி நின்றால், நான் எழுந்து அவருக்கு என் இடத்தைக் கொடுத்துவிடுகிறேன்.