பெரியப்பா வீட்டு வாசலில் போட்ட பந்தல்

உயிரோடு இருக்கும் மனிதருக்கு இழவுப் பந்தல் போட்ட பெருமை எங்கள் தாலுகாவிலேயே எனக்கு மட்டும்தான் உண்டு. (படித்தவன் அல்லவா.)

அப்போது கல்லூரி முடித்து, உத்தரகோசமங்கை பக்கம் எங்கள் ஊரில் சும்மா இருந்தேன். ராமநாதபுரம் பிரவுசிங் சென்டரில் லோஜ்பான் என்றொரு செயற்கை மொழியைப் பிடித்துக்கொண்டேன். அதில் வாக்கியத்துக்குள் வாக்கியம் எத்தனை அடுக்கினாலும் 'அவர்' என்றால் எவர் என்ற குழப்பம் வராது. எந்த அடுக்கு ஆள் என்று எண் போட்டே சொல்லிவிடலாம். வீட்டில் யார் 'அவரு' என்றாலும், "எந்த அவரு? நம்பர் சொல்லுங்க" என்பேன். அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மட்டும் சிரிப்பார்.

அந்த அய்யாவும் பெரியப்பாவும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மறுநாள் காலை போன் வந்தது.

"பெரியப்பாவுக்குக் கட்டுப் போட்ட டாக்டரு எழுதுன ஊசியெல்லாம் போட்டாச்சு. அவுக போயிட்டாகடா."

அம்மா ஒருநாளும் அய்யாவின் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒருத்தி வெறுமனே 'அவுக' என்றால் அது யாரென்று கைக்குழந்தைக்கும் தெரியும். நானோ வாக்கியத்தை அடுக்கடுக்காகப் பிரித்தேன். அதில் இருப்பவர்கள் பெரியப்பாவும் டாக்டரும். டாக்டர் சாக வழியில்லை. அய்யா அதில் இல்லவே இல்லை. "யாரும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. அம்மா போனை வைத்துவிட்டாள்.

பெரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் பந்தல், பெஞ்சு, சங்கு எல்லாம் வந்தன. (ஏற்பாடு முழுக்க நான்தான். அவ்வளவு சுறுசுறுப்பாக அதற்குமுன் இருந்ததில்லை.)

மதியம் ஒரு வேன் வந்தது. முன் சீட்டிலிருந்து கையில் கட்டோடு பெரியப்பா இறங்கினார். ஊதிய சங்கு பாதியில் நின்றது. பெரியம்மா ஓடிவந்து அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவர் பந்தலைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏலே, எனக்கா போட்ட?"

நான் வேனுக்குள் பார்த்தேன். பின்னால் அம்மா அய்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பிரிங்கடா. கொண்டுபோயி தம்பி வீட்டு வாசல்ல போடுங்க" என்றார் பெரியப்பா. பந்தல்காலில் இரண்டை நான்தான் தூக்கிப் போனேன்.

பெரியப்பா இன்னும் இருக்கிறார். கல்யாண வீடுகளில், "என்னைய ஒருக்கா கொன்ன பய" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அம்மா சிரிப்பதில்லை. அன்றிலிருந்து அவள் போனில் 'அவுக' என்பதே இல்லை. அய்யா இருந்தவரை வாயில் வராத பெயரை முழுசாகச் சொல்கிறாள்.

"கருப்பையா தெவசம் வருது. மறந்துராம வந்துரு."