இரண்டாவது கேட்பாளரின் பணிவிடுவிப்பு தொடர்பாக

பொதுமக்கள் குறைகேட்புத் துறையிலிருந்து மூன்று மாதமாக ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு பதில் போய்க்கொண்டிருந்தது. ஒரு பதிலும் போகாத காலத்தைப் பார்த்தவர்கள் இதைக் குறையென்றே சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த ஜனங்கள் இருக்கிறார்களே, எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

துறை அப்போதுதான் காகிதத்தை ஒழித்திருந்தது. எங்கு பார்த்தாலும் அதுதான் மோஸ்தர். மனு, பதில், விடுப்பு, மாறுதல் ஆணை எல்லாமே கைப்பேசிச் செயலி வழியாகத்தான். செயலியில் வருவதை உடனுக்குடன் அச்சடித்துக் கோப்பில் கோக்க ஒரு தனிப் பிரிவும் திறந்திருந்தார்கள்.

சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஒரு அம்மாள் மனுப் போட்டாள். "தங்கள் மனு கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அதே நொடியில் அதே பதில் இன்னொரு தடவையும் வந்தது. ஏன் இரண்டு என்று கேட்டு அடுத்த மனுப் போட்டாள். அதற்கும் இரண்டு. இப்படி ஊரே கேட்க ஆரம்பித்ததில், சாக்கடை மனுக்களைவிட இந்த மனுக்கள் அதிகமாகிவிட்டன.

இணை இயக்குநர் சும்மா இருப்பாரா? சுற்றறிக்கை விட்டார். 'மனுதாரர்கள் வலதுகை ஆள்காட்டி விரலால் ஒரேயொரு முறை மட்டும், மிதமான அழுத்தத்தில் பொத்தானை அழுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இடதுகைப் பழக்கமுள்ளோர் முன் அனுமதி பெற்றுக்கொள்ளலாம்.' இடதுகைக்காரர்கள் அனுமதி கேட்டார்கள். ஆளுக்கு இரண்டு அனுமதி வந்தது.

அதற்குப் பிறகுதான் செயலியம்மாவைக் கூப்பிட்டார்கள். செயலியை எழுதிக் கவனித்துக்கொள்கிறவள் அவள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் செயலியம்மாதான். புருஷனும் ஐந்து வயது மகளும் எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இவள் இரண்டு வருஷமாக இந்தப் பக்கம். போன வாரம் சின்னவளுக்கு முதல் பல் விழுந்ததைக்கூடக் கைப்பேசியில்தான் பார்த்தாள். அதுவும் படம் சரியாகத் தெரியாமல், "எங்கடி ஓட்டை? கிட்டக் காட்டுடி" என்று கத்தி, கடைசியில் அழுதுவிட்டாள்.

"இதை மட்டும் சரிபண்ணிக் குடும்மா" என்றார் இணை இயக்குநர். "புகார் நின்ன அன்னைக்கே உன் மாறுதல்ல கையெழுத்துப் போடறேன். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நீ உன் பொண்ணுகூட இருக்கலாம்."

அவள் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். சர்வர் ஒரு பதிலைத்தான் அனுப்புகிறது. பதில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, செயலியைத் திறந்ததும் கேட்பாளர் என்றொரு துண்டு நிரல் உருவாகிறது. பதில் பக்கத்தைத் திறந்ததும் இன்னொன்று உருவாகிறது. பழையது போகவில்லை. வந்த ஒரே பதிலை இரண்டும் தனித்தனியாக வாங்கி, தனித்தனியாகக் காட்டுகின்றன. ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

அந்த வரியைப் பேசாமல் சேர்த்துவிட்டுப் போயிருக்கவேண்டும். பாவி, விளக்கப் போனாள்.

"எப்படின்னா சார், ஒரு சீட்டுக்குப் புது ஆளைப் போட்டுட்டோம், பழைய ஆளை விடுவிக்கல. தபால் வந்தா ரெண்டு பேரும் வாங்கி ரெண்டு பேரும் அனுப்பறாங்க. பழையவரை அனுப்பிட்டா சரியாப் போயிடும்."

இணை இயக்குநரின் முகம் மலர்ந்தது. பத்து வருஷத்தில் கணினி ஆள் சொன்னது ஒன்று அவருக்குப் புரிந்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தோடுதான் வந்தார். அவர் கைகழுவப் போனாலும் அதோடுதான் போவார்.

"ஒருத்தரை விடுவிக்கணுமாம்" என்றார் இணை இயக்குநர்.

"யார் சீனியர்?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஐயா, அது ஆள் இல்ல. நாலு வரி நிரல்" என்றாள் செயலியம்மா.

"வரியோ ஆளோ, பொறுப்புல இருக்காருல்ல? தினமும் வேலை பாக்கறாருல்ல?"

"பாக்குது."

"ஒரு நாளாவது வராம இருந்திருக்காரா?"

"இல்ல."

"இந்த ஆபீஸ்ல அப்படி ஒருத்தர் இருக்கறதே இப்பத்தான் தெரியுது. அவரை அனுப்பச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்காம்மா?"

கோப்பு திறக்கப்பட்டது. பழையவரை அனுப்பினால் பணிமூப்பு கெடும், புதியவரை அனுப்பினால் இயக்குநரகம் ஏன் நியமித்தாய் என்று கேட்கும். மூன்று பேர் கொண்ட குழு கூடி, இருவருக்குமே விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதென்று முடிவுசெய்தது. கடிதம் முறைப்படி செயலி வழியாகப் போனது. கையோடு பதில் வந்தது. இரண்டு பதில். இரண்டிலும், "தங்கள் மனு கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது."

இணை இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா! ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரு எழுத்து மாறாம, மரியாதையா பதில் போட்டிருக்காங்க. நம்ம பிரிவுல எவனுக்காவது கடிதம் குடுத்தா ஆறு மாசம் ஆகும்."

'விளக்கம் திருப்தியளிக்கிறது' என்று குழு எழுதியது. இரண்டு கேட்பாளர்களும் பணிவரன்முறை செய்யப்பட்டார்கள். செயலியம்மாவுக்கு அந்தப் பேறு இன்னும் கிட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கவேண்டும்.

அவளுக்கு வந்ததே ஆத்திரம்! போங்கடா நீங்களும் உங்க குழுவும் என்று நேரே தன் மேசைக்குப் போனாள். அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். புதுப் பதிப்பை வெளியிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் முதல் எல்லோருக்கும் ஒரே பதில். ஊர் அமைதியாகிவிடும் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு ஜனங்களைத் தெரியாது. பதினோரு மணிக்கு வாசலில் கூட்டம்.

"இத்தனை நாளா ரெண்டு வந்துச்சு. இப்ப ஒண்ணுதான் வருது. எங்க தெருன்னா இளக்காரமா?" என்று சாக்கடை அம்மாளே முன்னால் நின்று கேட்டாள்.

"ஒருத்தர் விடுப்புல இருக்காரு" என்று சொல்லி அனுப்பினார் இணை இயக்குநர். உள்ளே வந்ததும், "எப்படியோ, ரெண்டு வருதுங்கற புகார் நின்னுடுச்சு. நான் சொன்ன சொல் மாறமாட்டேன்" என்று மாறுதல் ஆணையில் விரலை வைத்தார். வலதுகை ஆள்காட்டி விரல், மிதமான அழுத்தம்.

செயலியம்மா அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அந்த ஊர் அலுவலகத்தில் நின்றாள். வெளியே மரப்பெஞ்சில் புருஷனும் சின்னவளும் காத்திருந்தார்கள். ஐந்து மணிக்குள் பணியேற்காவிட்டால் ஆணை தானாகவே ரத்து. திரும்ப எட்டு மணி நேரப் பேருந்து, திரும்ப இன்னொரு வருஷம்.

அங்கிருந்த பணியேற்புக் குமாஸ்தா தன் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஒண்ணுதாம்மா வந்திருக்கு."

"ஒண்ணுதான் சார் வரும். ஒரு ஆணைதானே?"

"எனக்கே சொல்றீங்களா? மூணு மாசமா உங்க ஆபீஸ்லேருந்து எது வந்தாலும் ரெண்டுதான் வருது. முதல்ல வர்றது ஆணை. ரெண்டாவது வர்றது உறுதிப்படுத்தல். ரெண்டாவது இல்லாம வந்தா போலின்னு நாங்களே சுற்றறிக்கை விட்டிருக்கோம்."

"சார், அது ஒரு கோளாறு. நான்தான் சரிபண்ணினேன்."

குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கோளாறைச் சரிபண்ணினீங்களா? அப்படின்னா கோளாறு உங்ககிட்டதான் இருக்கு."

வாதாடி முடிவதற்குள் மணி நான்கு இருபது. அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"அம்மா, இன்னைக்கு நம்ம வீட்டுக்குத்தானே வர்ற?" என்றாள் சின்னவள், பல் விழுந்த ஓட்டை தெரிய.

"வர்றேன்டி செல்லம். இதோ, ஒரு வரி அழிச்சுட்டு வர்றேன்."

அழித்தாள். பழைய கேட்பாளர் மீண்டும் பணியில் சேர்ந்தார். கண்காணிப்பாளர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பிறகு அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். இரண்டு எல்லோருக்கும்தான் வருகிறது. இந்த மனுஷன் இரண்டைப் பார்த்துவிட்டு இன்னும் என்ன கேட்பானோ? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கேட்பாளரையும் நியமித்தாள். குழு கூடவில்லை, கோப்பு திறக்கவில்லை.

உள்ளே போய், "சார், செயலியைப் புதுப்பிச்சுட்டு ஒருதரம் திறந்து பாருங்க" என்றாள்.

குமாஸ்தா சலித்துக்கொண்டே திறந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"மூணு வந்திருக்கும்மா! என் சர்வீஸ்ல மூணு பாத்ததே இல்ல. முதல்லயே சொல்லக்கூடாதா? உக்காருங்க, உக்காருங்க. மேலிடத்துல யாரு உங்களுக்கு?"

"வேண்டப்பட்டவங்க" என்றாள் செயலியம்மா.

நான்கு ஐம்பதுக்குப் பணியேற்பு முடிந்தது. குமாஸ்தாவே வாசல்வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். சின்னவள் அம்மாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்தவள், இறங்கமாட்டேன் என்றாள். தெருவில் நடக்கும்போது புருஷன் எல்லாக் கதையையும் கேட்டுச் சிரித்துவிட்டு, "சரி, அந்தக் கோளாறைத் திரும்ப எப்ப சரிபண்ணப் போற?" என்றான்.

"சரிபண்றதா? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அவள். "நாளைக்கு இவளுக்குப் பள்ளிக்கூடத்துல இடம் கேக்கணும். நாலாக்கிடலாமான்னு பாத்துட்டிருக்கேன்."