சித்தலிங்கப்பா ஏரியைக் காத்த கதை

இனி உடல், பொருள், ஆவி மூன்றும் ஹொசகெரே ஏரிக்கே என்று சித்தலிங்கப்பா அறிவித்தபோது, அவர் மனைவி நீலாம்பிகா ராகிக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பொருளும் ஆவியும் இருக்கட்டும். உடம்புல சக்கரை ஏறிக் கிடக்கே, அதையும் ஏரிக்கே குடுத்துடுவீங்களா?"

"சிரிக்காதே நீலா! ஞாயித்துக்கிழமை ஆனா ஊரே வந்து ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுது. நான் மட்டும் வீட்டுல உக்காந்து கூழு குடிக்கணுமா?"

"குடிச்ச டம்ளரை எடுத்து வைக்காதவரு ஏரியைச் சுத்தம் பண்ணப் போறீங்க. போயிட்டு வாங்க."

அவருக்கு ஏரி மேல் பாசம் இருந்தது உண்மைதான். ஏரிக்கரை முடியும் இடத்தில் ஹாலேஷின் தோசைக்கடை இருந்ததும் உண்மை. டாக்டர் வாய் திறந்த நாளிலிருந்து வீட்டுக்குள் வெண்ணெய் நுழையவில்லை. வெண்ணெய் தோசைக்கே பேர்போன தாவணகெரேயில் பிறந்த மனுஷனுக்கு அது கிடையாது என்றால் இது என்ன அநியாயம்! ஞாயிறுதோறும் முழங்கால் சேற்றில் இறங்கினார், குப்பை வாரினார், கரையேறியதும் நேரே கடைக்கு நடந்தார். வீட்டுக்கு வந்தால் பசியே இல்லை என்பார்.

ஒருநாள் ஏரிப் பாதையில் நடந்துவிட்டு வந்த நீலாம்பிகா, தோசைக்கடைக் காகிதத் தட்டு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"பாதை பூரா இதான். தண்ணியில மிதக்கறதும் இதான். நீங்க காவல் காக்கற லட்சணமா இது? இத்தனை ஆம்பளைங்க இருந்தும் கேக்க ஒரு நாதி இல்ல!"

சித்தலிங்கப்பாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அன்று மாலையே ஏரிச் சங்கக் கூட்டத்தில் மேசையைக் குத்தினார்.

"தின்னுட்டு ஏரியில வீசறானுங்க! வெக்கமா இல்ல? அவனவன் வீட்டுலேருந்து அவனவன் தட்டைக் கொண்டு வரட்டும். தட்டு இல்லாதவனுக்குத் தோசை இல்ல!"

கைதட்டல் அடங்கவே இல்லை. ஹாலேஷும் தலையாட்டினான். சால்வை போர்த்தினார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது. தட்டு நீலாவிடம் அல்லவா கேட்க வேண்டும்!

"நீலா, சங்கத்துல சுண்டல் குடுக்கறாங்களாம். ஒரு தட்டு வேணும்."

"சுண்டலா? உடம்புக்கு நல்லதாச்சே!"

மறுபேச்சில்லாமல் ஒரு எவர்சில்வர் தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். இவ்வளவு வெகுளியை ஏமாற்றுகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினார்.

"ஹாலேஷா, ரெண்டு வெண்ணெய் தோசை! வெண்ணெய் தாராளமா!"

ஹாலேஷ் தட்டை வாங்கினான். திருப்பி விளிம்பைப் படித்தான். உள்ளே போய், வறவறவென்று ஒரு ராகி தோசையைப் போட்டு நீட்டினான்.

"என்னய்யா இது? நான் கேட்டது என்ன, நீ குடுக்கறது என்ன? தூக்கிப் போடு! வேற தட்டுல வெண்ணெய் தோசை குடு!"

"அவனவன் தட்டுன்னு நீங்கதானே சார் மேசையைக் குத்தினீங்க?"

"சரி, இதுலயே கொஞ்சம் வெண்ணெயாவது தடவித் தொலை!"

"முடியாது சார். 'நீலாம்பிகா'ன்னு பேர் வெட்டின தட்டு வந்தா இதைத்தான் போடணும்னு, நேத்தே உங்க வீட்டம்மா மாவரைச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."