அது கச்சான் அல்வா இல்லை, மச்சாள்

குருக்கள்மடம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த சம்பந்தி மச்சாளுக்கு,

அஜந்தா எழுதுவது. இங்கு நானும் இவரும் மகள் நிருஷாவும் உங்கள் மகன் சிவதர்ஷனும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அங்கு சுகமாக இருக்கவேண்டும் என்று தாந்தோன்றீஸ்வரரை வேண்டிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். உடம்பு சுகமாக இருந்தால்தான் கீழே எழுதப்போவதை இடையில் நிறுத்தாமல் வாசிப்பீர்கள்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்பது சொல்வீர்கள். கடிதம் என்றால் நான் மட்டும் பேசலாம். நேற்று நீங்கள் கோல் எடுத்து, "மச்சாள், நீங்க குடுத்தனுப்பின கச்சான் அல்வா மிச்சம் நல்லம். கோயில் திருவிழாக் கடையில வாங்கின மாதிரியே இரிக்கி" என்று சொன்னீர்களே. "ஓம் மச்சாள்" என்று வைத்துவிட்டேன். கச்சான் அல்வாவாம்! திருவிழாக் கடையாம்!

இது எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. கலியாண வீட்டில் நான் என் கையால் செய்த பட்டர் கேக்கை ஒரு கடி கடித்துவிட்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கேக் நல்லந்தான். ஆனா மகள்ட வீட்ட, மெல்பேர்ன்ல, சொக்லட் ஸ்லைஸ் எண்டு ஒண்டு திண்டன். அடுக்கடுக்கா, நடுவுல பீனட் பட்டர். அதெல்லாம் இஞ்ச ஆருக்குச் செய்யத் தெரியும்?" அதன் பிறகு எங்கள் வீட்டுப் படியை நீங்கள் மிதிக்கவே இல்லை. கலியாணம் கட்டிய மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார் என்பது நம்முடைய பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத வழக்கமா? மச்சானும் அப்படி உங்கள் வீட்டுக்கு வந்தவர்தானே? உங்கள் மகனை நான் என்ன பிடித்து அடைத்தா வைத்திருக்கிறேன்? வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள், கலியாணத்துக்குப் பிறகு வருகிற முதல் பிறந்தநாள். "அம்மா வந்தா நல்லம் மாமி" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிருஷா என்னைப் பார்த்தாள். சரி, வெறும் வாயால் கூப்பிட்டால் சம்பந்தி வரமாட்டா, அவ ஆசைப்பட்ட ஸ்லைஸையே செய்து அனுப்பிக் கூப்பிடுவோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பீனட் பட்டர் என்றால் ஒன்றுமில்லை, கச்சானை வறுத்து அரைக்கிறதுதான் என்று நிருஷா யூடியூப்பைப் பார்த்துச் சொன்னாள். வறுத்தேன். தோலைப் புடைத்து நீக்கச் சுளகோடு முற்றத்துக்கு வந்தால் கச்சான் காற்று அடிக்கிற மாதம். கையிலும் கச்சான், தலைக்கு மேலும் கச்சான். தோல் முழுவதும் பறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையில் ஒட்ட, அந்த வீட்டுக்காரி ஏச, நான் ஏச, அது ஒரு பக்கம். கிறைண்டரில் போட்டேன், இரண்டு சுற்றுச் சுற்றிப் புகை விட்டுச் செத்தது. விடுவேனா? அம்மியில் அரைத்தேன். அது காலையில் செத்தல் மிளகாய் அரைத்த அம்மி என்பது அரைத்து முடித்து நக்கிப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதை உங்கள் மகன், "மாமி, இந்தச் சம்பல் நல்ல ருசி" என்று புட்டோடு சாப்பிட்டு முடித்தார். அவருக்குக் குறை சொல்லவே தெரியாது, யாரைப் போலப் பிறந்தாரோ. பிறகு அம்மியைத் தேய்த்துக் கழுவி, மறுகாவும் வறுத்து, மறுகாவும் அரைத்து, தோள்மூட்டு இன்னும் கடுக்கிறது.

அடி அடுக்குக்கு மாவையும் கொக்கோவையும் பட்டரையும் சீனியையும் பிசைந்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், நிருஷா அறைக்குள் இருந்து, "அம்மா, அவனைச் சூடாக்கிட்டீங்களா?" என்று கத்துகிறாள். இவர் வாசலில் இருந்து, "எவன?" என்று கேட்கிறார். கலியாணக் கேக் சுட்ட பிறகு எங்கள் வீட்டில் அவன் அடுப்பு இருப்பது பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கி வைக்கத்தான். பெட்டிகள் உள்ளே இருப்பதை மறந்து நானும் சூடாக்கிவிட்டேன். உருகி ஒழுகிய மூடிகளைக் கத்தியால் சுரண்டி எடுத்து, புகை போக ஜன்னல்களைத் திறந்து, திரும்பவும் சூடாக்கி, அடி அடுக்கை வேகவைத்து ஆறவைத்து, கச்சான் பட்டரை ஐசிங் சீனியோடு அடித்து அதன்மேல் பரப்பி, பிரிட்ஜில் வைக்கப் போனால் அங்கே இவர் வாங்கி வந்த வாவி இறால் தட்டு நிறையக் கிடக்கிறது. இறாலை வெளியே வைத்தேன், மிச்சத்தைப் பூனை பார்த்துக்கொண்டது. மேல் அடுக்குக்குச் சொக்லட்டை ஆவியில் உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மண்கட்டி போல இறுகிப் போனது. மறுகாவும் கடை, மறுகாவும் சொக்லட். கடைசியில் மூன்று அடுக்கும் கோடு கீறினது மாதிரி வந்தது மச்சாள், மேலே மினுமினுவென்று மினுங்கியது. சம்பந்தி வீட்டுக்குப் போகிற பண்டம் என்று நான் ஒரு ஓரம்கூட வெட்டவில்லை, விரலால் தொட்டு நாக்கில் வைக்கக்கூட இல்லை. தட்டோடு, ஐஸ் போட்ட றெஜிஃபோம் குளிர்ப்பெட்டியில் வைத்து இவரிடம் கொடுத்து, "சாய்க்காமக் கொண்டு போங்க, வழியில எங்கயும் நிக்க ஒண்ணா" என்று ஆயிரம் தரம் சொல்லி, மோட்டார் சைக்கிளோடு பாதைப் படகில் ஏற்றி வாவிக்கு அக்கரை அனுப்பினேன்.

அதைத்தான் நீங்கள் கச்சான் அல்வா என்றீர்கள். மெல்பேர்னில் மகள் வெட்டித் தந்தால் ஸ்லைஸ், குருக்கள்மடத்தில் அஜந்தா செய்தால் அல்வா! சொக்லட்டின் கறுப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? மூன்று அடுக்கு தெரியவில்லையா? கொண்டுவந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று ஒரு சட்டி எருமைத் தயிர் தந்துவிட்டீர்கள். தயிர் நல்லாத்தான் இருந்தது, அது வேறு கதை. நான் அதைத் தயிர் என்றுதானே சொன்னேன்? மோர் நல்லம் மச்சாள் என்று சொன்னேனா?

ஆகவே முகத்துக்கு நேரே சொல்வது போல எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வரவேண்டாம். உங்கள் மகன் முகம் வாடினாலும் சரி, நிருஷா அழுதாலும் சரி. எனக்கும் அழுகைதான் வருகிறது, அதை உங்களுக்குக் காட்டமாட்டேன்.

மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மெல்பேர்ன் மகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெயை விடாமல் பூசுங்கள். கோபம் வேறு, முழங்கால் வேறு.

இப்படிக்கு,
மனம் நொந்துபோன
அஜந்தா

பி.கு.: கடிதத்தை வாசித்துக் காட்டி மடித்து, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி இவரிடம் நீட்டினேன். வாங்காமல் நின்றார். "அத அனுப்ப ஒண்ணா அஜந்தா. சம்பந்தி அக்கா சொன்னது சரிதான். அது கச்சான் அல்வாதான்" என்றார். அக்கரையில் இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். வெயிலுக்கும் காற்றுக்கும் ஐஸ் தண்ணீராகி, மூன்று அடுக்கும் ஒரே குழம்பாகக் கிடந்ததாம். அப்படியே கொண்டுவந்தால் என் மானம் போகும் என்று, கோயில் திருவிழாக் கடையில் அல்வா வாங்கித் தட்டில் அடுக்கி உங்கள் கையில் தந்தாராம். "அப்ப என்ர ஸ்லைஸ்?" என்று கேட்டேன். "எறிய மனம் வரல்ல. மரத்துக்குக் கீழ இருந்து கையால வழிச்சு வழிச்சுத் திண்டன். இப்பிடி ஒரு ருசி நான் கண்டதில்ல" என்கிறார். கலியாணம் கட்டிய நாள் முதல் என் சமையலைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லாத மனிசன், முதன்முதல் புகழ்ந்தது களவாகத் தின்றதை.

இதையெல்லாம் திருப்பி எழுதத் தோள்மூட்டு விடாது, கிழிக்கவும் மனமில்லை. அதனால் மேலே நான் ஏசியிருக்கிற இடமெல்லாம் 'நீங்கள்' என்பதை 'இவர்' என்று மாற்றி வாசியுங்கள். தயிரும் முழங்காலும் மட்டும் உங்களுக்கு. கடிதத்தை உங்கள் மகனே கொண்டு வருகிறார்.

வெள்ளிக்கிழமை நீங்களும் மச்சானும் கட்டாயம் வரவேண்டும். நீங்கள் வராவிட்டால் இந்த வீட்டில் பிறந்தநாளே இல்லை. ஸ்லைஸ் திரும்பவும் செய்கிறேன், கச்சான் அரைக்க அம்மியடியில் இவர்தான் குந்தியிருக்கிறார். "அவனைச் சூடாக்கவா?" என்று நிருஷா கேட்டாள், இந்தத் தரம் இவர் எவன் என்று கேட்கவில்லை.

வரும்போது அந்தக் கச்சான் அல்வாவில் மிச்சம் இருந்தால் ஒரு துண்டு கொண்டு வாருங்கள் மச்சாள். திருவிழாக் கடை வரைக்கும் போன மனிசன் எனக்கு அதுகூட வாங்கி வரவில்லை.