மூன்று நீலம்

"இதுல எது வெள்ளம் வர்ற தெரு, எது வராத தெரு?" என்று கேட்டார் அதிகாரி. "எல்லாம் ஒண்ணு போலவே இருக்கே."

வரைபடக்காரர் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஆபத்தான தெருக்களுக்குச் சிவப்பு, பயமில்லாதவற்றுக்குப் பச்சை, இரண்டுங்கெட்டான் தெருக்களுக்கு ஆரஞ்சு என்றுதான் போட்டிருந்தார். போட்டதாக நினைத்திருந்தார். அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மண் நிறம். பதினெட்டு வருடங்களாக இது அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். கணினியில் எந்த எண் எந்த நிறம் என்று மனைவி எழுதிக் கொடுத்த சீட்டு, கீபோர்டுக்கு அடியில் இருந்தது. பிழைப்பு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு மணிக்குள்ள சரியா வரலைன்னா வேலையை வெளியில குடுத்துடலாம். நீங்க பழைய கோப்பு அறைக்குப் போயிடுங்க," என்றார் அதிகாரி. வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் கறார் பேர்வழி என்று பெயர் வாங்கிவிட்டார்.

எங்கோ நிறம் மாறிப் போயிருக்கிறது என்று வரைபடக்காரர் முடிவு கட்டினார். அறைக்கு அறை கோப்பு சுமக்கும் அக்காவை நிறுத்தி, ஆற்றோரத் தெருவைக் காட்டுவதாக நினைத்துப் பக்கத்து மேட்டுத் தெருவில் விரலை வைத்தார். பேச்சுவாக்கில் கேட்பதுபோல், "இந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்றார்.

"அது பச்சை, தம்பி."

போச்சு, எல்லாம் தலைகீழ் என்று பதறிச் சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றிப்போட்டு, அக்கா கையிலேயே உள்ளே அனுப்பினார். பார்த்துவிட்டு அதிகாரி கூப்பிட்டார்.

"முன்னாடி குடுத்ததையே திரும்பக் குடுத்திருக்கீங்க?"

இரண்டு நிறங்களையும் இன்னும் அழுத்தமாக்கினார். அதுவும் ஆகவில்லை. பழுப்பைச் சேர்த்தார், ஊதாவைச் சேர்த்தார். நாலாவது படத்தைப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

வேறு வழியில்லாமல் மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மாடிப்படியில் நின்று போன் போட்டார்.

"ஏங்க, ஆத்தோரம் பூரா பச்சை, மேடு பூரா சிவப்பு. இதை நம்பினா ஊரே மேட்டைவிட்டு ஆத்துக்குள்ள போய் உக்காந்துக்கும்," என்றாள் மனைவி. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்க கண்ணுக்கு நல்லாத் தெரியற கலர் எது?"

"நீலம்."

"அதை மட்டும் போடுங்க. தண்ணி ஏறுற இடம் கருநீலம். நடுவுல சாதா நீலம். பயமில்லாத இடம் வெளுத்த நீலம். மத்ததையெல்லாம் தூக்கிப் போடுங்க."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படத்தை அவரே கொண்டுபோய் வைத்தார். கோப்பு அறையின் தூசி இப்போதே மூக்கில் ஏறுவதுபோல் இருந்தது.

அதிகாரி படத்தைப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார். கருநீலத்தின் மேல் விரலை ஓட்டி, இது ஆற்றோரம், இது சந்தை, இது மேடு என்று தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். "பளிச்சுன்னு இருக்கு. இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே," என்று கையெழுத்தும் போட்டார்.

வரைபடக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. வெளியே தன் இடத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, மனைவிக்கு 'பிழைச்சேன்' என்று ஒரே வார்த்தை அனுப்பினார். கையெழுத்தான கோப்பை எடுத்துப் போக வந்த அக்கா, படத்தைப் பார்த்துவிட்டு அவரைவிடப் பெரிதாக மூச்சுவிட்டார்.

"அப்பாடா, இனிமே உள்ள இருக்கறவரும் பச்சையைக் காட்டி, 'இந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ'ன்னு என்னைக் கேக்கமாட்டாரு."