பொட்டு அண்ணாச்சியின் அளவுகோல்

கண்ணேறு கைப்பேசி வழியாக வருமா? நான் பட்டப்படிப்பு படித்தவள். மகளின் தடுப்பூசி அட்டையை மனப்பாடமாகச் சொல்வேன். இதற்கு மட்டும் இன்றுவரை பதில் தெரியவில்லை. தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தூத்துக்குடியில், ஏன், இந்த உலகத்திலேயே, பொட்டு அண்ணாச்சிதான்.

துறைமுகம் போகிற சாலையில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ. பிரசவத்துக்காக வேலையை விட்டிருந்த நான், மகள் தூங்கும் நேரத்தில் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனித்துக்கொண்டேன். அவர் படம் அனுப்புவார். நான் நாலு வரி எழுதிப் போடுவேன். எந்தக் குழந்தையானாலும் கன்னத்தில் கம்ப்யூட்டரிலேயே கறுப்புப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார்.

"நூறு பேரு பாத்தா கடுகு போதும் தங்கச்சி. ஆயிரம் பேரு பாக்காவன்னா மிளகு. அதுக்கு மேல போச்சுன்னா சுண்டக்கா."

பெரியதாழையிலிருந்து ஒரு அம்மா கடைக்கே வந்து சண்டை போட்டார். "எம் பிள்ளைக்கு மச்சமே கெடையாது அண்ணாச்சி!"

"அது மச்சம் இல்லம்மா, இன்சூரன்ஸ்."

ஒருநாள் துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக் கப்பலின் படம் அனுப்பினார். அதன் மூக்கிலும் ஒரு பொட்டு. "கப்பலுக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அழகா இருக்குல்லா?"

பிறகு ட்ரோன் பறக்கவிடும் புது ஸ்டூடியோ ஒன்று வந்தது. பிறந்தநாள் ஆர்டர்கள் எல்லாம் அங்கே போயின. இந்த மாதமும் இப்படியே என்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்றார் அண்ணாச்சி. அந்த வாரம்தான் என் மகளுக்கு ஒரு வயது. விடியற்காலையில் எங்களை உப்பளத்துக்கு அழைத்துப் போனார்.

பாத்தி நீரில் வானம் படுத்திருந்தது. மேலும் கீழும் ஒரே இளஞ்சிவப்பு. நடுவில் எதிலோ மிதப்பவள்போல என் மகள், யாருக்கும் தெரியாத எதையோ பார்த்துச் சிரித்தாள். அண்ணாச்சி ஒரே ஒரு முறைதான் அழுத்தினார். அப்புறம் கேமராவின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருவது வருசத்துல இப்படி ஒண்ணு அமையல. இதப் போட்டா கடை நிக்கும் தங்கச்சி. ஆனா நீ சொன்னாத்தான்."

பத்து மணிக்கு, போடலாம் என்றேன். பத்தேகாலுக்கு, வேண்டாம் என்றேன். துறைமுகத்தில் வேலையிலிருந்த என் கணவர் போனில், "ஏளா, அந்த மனுசன ஒரு கரையில ஒதுங்க விடு" என்று சிரித்தார். பதினொன்றுக்கு, "போடலாம் அண்ணாச்சி, பொட்டு மட்டும் கொஞ்சம் பெரிசா" என்றேன்.

படம் வந்தது. பொட்டு சுண்டைக்காயைத் தாண்டிப் பூசணிக்காயாகியிருந்தது. முகமே இல்லை. இரண்டு குட்டிப் பாதங்கள், உப்பு, வானம், நடுவில் ஒரு கறுப்புச் சூரியன்.

"இதப் பாத்து யாரு அண்ணாச்சி வருவா?"

"ஒங் குரல்ல பயம் இருந்துச்சு. அந்த அளவுக்கு வச்சேன்."

அழுகை வந்தது. அப்படியே போட்டேன். மறுநாளே விளாத்திகுளத்திலிருந்து ஒருவர், "எங்க பிள்ளைக்கும் அந்தக் கறுப்புச் சூரியன் வேணும்" என்று கூப்பிட்டார். பிறகு ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். கடை நின்றது.

போன வாரம் அண்ணாச்சி சட்டம் போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பொட்டு இல்லை. மகள் முழுசாகச் சிரித்தாள்.

"கார்டுலயும் கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன். இனி இது ஒண்ணுதான்."

அவர் வாழ்க்கையில் எடுத்த மிக நல்ல படம் இப்போது எங்கள் பீரோவில், என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. முன்னறையில் மாட்டினால் வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். மாட்டாவிட்டால் அவர் எடுத்ததை ஒருவருமே பார்க்கமாட்டார்கள். வாசகர்களே, ஆணி கையில் இருக்கிறது. எங்கே அடிக்கட்டும், சொல்லுங்கள்.